இடப்பக்கமே நடந்த வீரன்

அத்தியாயம் 6

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விக்டர் போன் செய்தான். "ஏலே அனந்து, மூணாவதும் போச்சு. வா" என்றான். என் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டான். இருபது வருடச் சிநேகிதன் இப்படிப் போனை வைத்தால் ஒன்று அவன் வீட்டில் துக்கம், அல்லது நான் செய்துகொடுத்த சாமானில் பழுது. அந்த மாதத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

என் கடை வாசலில் இரண்டு வரியில் பலகை உண்டு. மேல் வரி 'அனந்தபத்மநாபன் துப்பறியும் நிலையம்'. கீழ் வரி 'கம்ப்யூட்டர் பழுது பார்க்கப்படும்'. தூத்துக்குடி ஜனங்கள் கீழ் வரியை மட்டும் படித்துவிட்டு உள்ளே வருகிறார்கள். மேல் வரியை நம்பி வந்த ஒரே ஒருவர் காணாமல்போன கோழியைப் பற்றிப் புகார் சொன்னார். நான் ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்த இரண்டாம் நாள் கோழி தானாகவே வீடு திரும்பிவிட்டது. அதையும் தீர்த்த வழக்குகளில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

உதவியாளர் ஜெமிமா, சாத்தான்குளத்துக்காரி. சால்டரிங் வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. மற்ற வேலைகளிலும் அப்படித்தான் என்பது அவள் கருத்து.

"மூணாவது போர்டா சார்?" என்றாள், கருவிப் பையை எடுத்துக்கொண்டே.

"ஆமாம்."

"நம்ம செஞ்சு குடுத்ததுல இதுவரைக்கும் கெட்டுப்போகாதது அந்தப் பெட்டியோட கதவுக் கீல் மட்டுந்தான். அதையும் இன்னைக்குப் பாத்துட்டு வந்திருவோம்."

விக்டர் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் டக் படகில் என்ஜின் டிரைவர். அவன் மகள் ஜெர்லினுக்கு மறுநாள், கிறிஸ்து அரசர் ஞாயிறன்று, கோயிலில் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. அந்த நாளுக்காக மகளுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். ஆளுயரப் பெட்டி. உள்ளே கம்ப்யூட்டர். நெஞ்சு உயரத்தில் ஒரு சாய்ந்த பலகை, அதில் ஒரு குச்சி, ஆறு பொத்தான்கள். முன்பெல்லாம் காசு போட்டு விளையாடும் கடைகளில் நிற்குமே, அது. "விலைக்கு வாங்காதே, பத்து நாளில் நானே செய்து தருகிறேன்" என்று சொன்னவன் நான். ஐப்பசி பிறக்கும்போது சொன்னேன். இப்போது கார்த்திகை.

முதலில் பெட்டி விக்டர் வீட்டு வாசற்கதவைவிட நான்கு விரல் அகலமாக இருந்தது. இழைத்துக் குறைத்தேன். பிறகு திரையைத் தலைகீழாகப் பொருத்தினேன். பிறகு குதிப்பதற்கான பொத்தானை அழுத்தினால் மொத்தக் கம்ப்யூட்டரும் அணைந்தது. இவையெல்லாம் சில்லறைத் தொந்தரவுகள். பெரிய தொந்தரவு வந்தது பெட்டி நன்றாக ஓடத் தொடங்கிய பிறகுதான். விளையாட்டில் ஒரு வீரன் உண்டு. வலப்பக்கமாக ஓடி, பள்ளம் தாண்டி, பழம் பொறுக்க வேண்டும். ஒருநாள் காலையில் அவன் யாரும் குச்சியைத் தொடாமலே இடப்பக்கமாக நடக்க ஆரம்பித்தான். நடந்து நடந்து முதல் பள்ளத்தில் விழுந்தான். மறுபடி எழுந்து மறுபடி விழுந்தான்.

குச்சியையும் பொத்தான்களையும் கம்ப்யூட்டரோடு இணைக்க, பலகைக்கு அடியில் உள்ளங்கை அளவில் ஒரு போர்டு இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்த்தால், செம்பு முனைகள் எல்லாம் பாசி பிடித்தமாதிரிப் பச்சையாக இருந்தன. வேறு மாட்டினோம். ஒன்பது நாளில் போயிருந்தது முதலாவது. இரண்டாவது ஏழு நாளில் போயிற்று. மூன்றாவதை மாட்டி ஐந்து நாள்தான் ஆகிறது.

விக்டரின் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது பெட்டியை அல்ல. வாசற்படிக்கு உட்பக்கம், சுவரோரமாக, ஒரு துணிப்பை நின்றது. வாயைக் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே மடித்த லுங்கிகளின் உருவம் தெரிந்தது.

அது கிளைட்டனின் பை. கிளைட்டன் விக்டரின் மச்சினன். மனைவி ஞானசௌந்தரியின் தம்பி. குடித்துத் திரிந்த காலத்தில் இதே வீட்டு டி.வி.யைத் தூக்கிக்கொண்டுபோய் விற்றவன். இந்த ஈஸ்டரிலிருந்து குடிப்பதில்லை. முள்ளக்காட்டுப் பக்கம் ஓர் உப்பளத்தில் வேலை செய்துகொண்டு அக்கா வீட்டில் தங்கியிருந்தான்.

இரண்டாவது போர்டு போனபோதே விக்டர் என்னிடம் ஒரு சந்தேகத்தைச் சொன்னான். புதுச் சாமான் ஒரு வாரத்தில் இப்படித் துருப்பிடிக்காது. யாரோ புதியதைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டுகிறார்கள். வீட்டில் அப்படிப்பட்ட கை ஒன்றுதான் இருக்கிறது. அப்போது நான் மோவாயைத் தடவியபடி, என் துப்பறியும் குரலில், "வாய்ப்பிருக்கிறது" என்றேன். அப்படிச் சொல்வது எனக்கு ஒரு பழக்கம். அந்த ஒரு வார்த்தைதான் இப்போது பையாக மடித்துக் கட்டி வாசலில் நிற்கிறது.

ஞானசௌந்தரி குசினியிலிருந்து வெளியே வரவில்லை. விக்டர்தான் பேசினான். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கிளைட்டன் மணப்பாட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். நாளைக்கு நாலு பேர் வரும் இடத்தில் அவன் நிற்கக் கூடாது. மாமா இல்லாமல் புதுநன்மை வாங்கமாட்டேன் என்று ஜெர்லின் அழுதுகொண்டு கோயிலுக்கு ஒத்திகைக்குப் போயிருக்கிறாள்.

"நீ கண்டுபிடிச்சுச் சொல்லு. அவன் எடுக்கலன்னா இருக்கட்டும். எடுத்திருந்தான்னா சாயங்கால பஸ்" என்றான்.

நான் பெட்டியின் பின்கதவைத் திறந்து பூதக்கண்ணாடியோடு தலையை உள்ளே விட்டேன். எல்லாம் உலர்ந்து சுத்தமாக இருந்தது. மேலே ஆணியில் என் சொந்த ஏற்பாடு ஒன்று தொங்கியது. கடற்கரை ஊர் என்பதால், ஈரத்தை உறிஞ்சுவதற்காக நான் ஒரு சிறு மூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கட்டிய துணி எங்கள் ஊர்க் கோயிலில் பிரசாதம் வந்த மஞ்சள் துணி என்பதால், அதைத் தொட்டால் என் கை தானாகக் கண்ணுக்குப் போய்விடும். அன்றும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கண் லேசாக எரிந்தது. பெட்டிக்குள் தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

போர்டைக் கழற்றிக் கொடுத்தேன். பச்சைப் பசேல் என்று இருந்தது. ஜெமிமா அதை வாங்கி, என் பூதக்கண்ணாடியை ஒதுக்கிவிட்டு, வெறும் கண்ணால் பின்பக்கம் பார்த்தாள்.

"இது நம்ம போர்டுதான் சார்."

"எப்படிச் சொல்கிறாய்?"

மூலையில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சிறு பொட்டு இருந்தது. அவளுடைய நகப்பூச்சு. திங்கட்கிழமை மாட்டுவதற்கு முன் வைத்தாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் அதற்கு ஒரு ரகசியப் பெயர் வைத்து, ரசீதிலும் எழுதி, ஊருக்கே சொல்லிவிடுவேன் என்றாள். அது உண்மைதான்.

ஆக, யாரும் எதையும் மாற்றவில்லை. புதுப் போர்டேதான் ஐந்து நாளில் பச்சையாகியிருக்கிறது. கிளைட்டன் திருடவில்லை. இதை விக்டரிடம் சொன்னபோது என் குரலில் ஒரு நீதிபதியின் கம்பீரம் இருந்தது. குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. விக்டரின் முகம் இளகியது. வழக்கு முடிந்தது என்று நான் காபிக்கு இடம் பார்த்தேன்.

கம்பீரம் ஐந்து நிமிடம் நீடித்தது. கை கழுவப் பின்பக்கம் போன ஜெமிமா கொடியிலிருந்து ஒரு பழைய பனியன் துணியை எடுத்து வந்தாள். தூறல் படாமல் கூரைக்கு அடியில் தொங்கிய அந்தத் துணி, பொரிக்காத அப்பளம்போல் விறைத்து நின்றது. மடிப்புகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓரிடத்தில் பச்சைக் கறை.

துப்பறிபவன் தயங்கக் கூடாது என்பதால் ஒரு நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடும் உப்பு. ஏதோ ஒரு கசப்பும் இருந்தது. "துணி யாருதுன்னு கேட்டுட்டு நக்கியிருக்கலாம் சார்" என்றாள் ஜெமிமா.

ஞானசௌந்தரி அப்போதுதான் குசினி வாசல்வரை வந்தாள். அவளுக்குப் பொய் வராது. துணி தம்பியுடையதுதான் என்றாள். தினமும் வேலைவிட்டு வந்ததும், காலையில் கிளம்பும்முன்னும், அவன் பெட்டியின் பின்கதவைத் திறந்து கையை உள்ளே விடுவதைப் பார்த்திருக்கிறாள். என்னவென்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றானாம். இதைச் சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே அழத் தொடங்கினாள்.

விக்டர் எழுந்துவிட்டான். திருட்டு என்றாலாவது ஏதோ தேவைக்கு என்று நினைக்கலாம். இது உப்புத்தண்ணியைக் கொண்டுவந்து ஊற்றுகிற காரியம், பிள்ளையின் சாமானில், வேண்டுமென்றே என்றான். சாயங்காலம்வரை பொறுக்கத் தேவையில்லை, பையை இப்போதே தெருவில் வைக்கிறேன் என்று வாசலுக்குப் போனான்.

கிளைட்டனைத் திருடன் இல்லை என்று விடுவித்து, ஐந்தே நிமிடத்தில் அதைவிடப் பெரிய குற்றத்தில் மாட்டிவிட்ட பெருமை என்னைச் சேரும். ஒரு மணி நேரம் கொடு, அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று விக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வார்த்தைக்காக இல்லை, ஞானசௌந்தரியின் முகத்துக்காக அவன் பையைக் கீழே வைத்தான்.

ஜெமிமா ஸ்கூட்டர் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து, கிளைட்டனிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரித்தேன். முத்தையாபுரம் தாண்டும்போது தூறல் பிடித்தது. உப்பளத்தில் பாத்திகள் எல்லாம் மழைநீர் நிரம்பிக் கிடந்தன. மேட்டில் உப்பு அம்பாரங்கள், வீட்டுக் கூரை உயரத்துக்கு. ஓர் அம்பாரத்தின் மேல் நின்று கிளைட்டன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்தான்.

நான் பார்வையைக் கூர்மையாக்கி அவனை நோக்கினேன். அவனும் என்னையே பார்த்தான். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, உதறி, காய்ந்த பக்கமாக மடித்து நீட்டினான்.

"நாமம் மூக்குல வடியுது அண்ணாச்சி. தொடச்சுக்கிடுங்க."

ஜெமிமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் துடைத்துக்கொண்டேன். தயாரித்து வைத்திருந்த பதினோரு கேள்விகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. ஆனால் ஒன்று தோன்றியது. தன் மேல் பழி சொல்ல வந்தவனின் முகத்தில் ஈரத்தைக் கண்டதும் துணியை நீட்டுகிற கை இது. இந்தக் கை ஒரு பெட்டிக்குள் போனால் அங்கே என்ன செய்யும்?

"தினமும் பெட்டிக்குள்ள எதைத் துடைச்ச, கிளைட்டன்?" என்று கேட்டேன்.

அவன் தலை குனிந்துகொண்டான். சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்றான். பரவாயில்லை சொல் என்றேன்.

"அந்த மஞ்ச முடிச்சு இருக்குல்லா அண்ணாச்சி. அதுலேருந்து சொட்டுது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் என்னை அம்பாரத்தின் மறுபக்கம் அழைத்துப்போனான். அவன் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டிய ஒரு மூலையில் உப்பு நனைந்து மினுங்கியது. அடியிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு நீர்க்கோடு புறப்பட்டு வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மழை இதுமேல விழல. ஈரக்காத்து பட்டாலே போதும். களுவாத புது உப்பு மழைக்காலத்துல அழும்" என்றான். "இங்கன எல்லாருக்கும் தெரியும்."

இங்கே எல்லாருக்கும் தெரிந்தது, தாமிரபரணிக் கரையில் நெல்லைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரியாது. என் மூட்டைக்குள் இருந்தது உப்பு. சாப்பாட்டுக் கடை மேஜையில் உப்புக் கிண்ணம் ஈரமாக இருப்பதைப் பார்த்து, உப்பு ஈரத்தை இழுக்கும் என்று நான் துப்பறிந்திருந்தேன். அதுவரை சரி. இழுத்த ஈரம் பிறகு எங்கே போகும் என்பதுதான் மீதிப் பாதி. சாலையோரம் லாரியிலிருந்து சிந்திய புது உப்பை இரண்டு கை அள்ளி, கோயில் துணியில் கட்டி, போர்டுக்கு நேர் மேலே, ஆணி அடித்து நானே தொங்கவிட்டேன். மழை கூடக் கூட போர்டின் ஆயுள் ஒன்பது, ஏழு, ஐந்து என்று குறைந்ததையும் நான்தான் எழுதி வைத்திருந்தேன். கண் எரிந்ததும் என் கண்தான். இத்தனை தடயங்களைத் தன் மேலேயே வைத்துக்கொண்டு திரிந்த துப்பறிபவன் வேறு யாரும் இருக்க முடியாது.

"தெரிஞ்சும் ஏன் அதை எடுத்துப் போடல?" என்று கேட்டேன்.

"நீங்க ஒவ்வொரு தடவையும் அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுதீய. எங்க சாமியார் உப்பு மந்திரிச்சுக் குடுப்பாவ, அந்த மாதிரி உங்க கோயில்ல குடுத்திருப்பாவன்னு நெனச்சேன். ஜெர்லின் நல்லா இருக்கணும்னு நீங்க கும்பிட்டுக் கட்டுனத நான் எப்படிக் களட்ட?"



விக்டரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் அத்தான் அதைப் பிய்த்து எறிந்துவிடுவார், சாமி காரியத்தில் உங்கள் இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் வரும், துடைத்தால் போதும் என்று நினைத்தேன் என்றான். அவன் துடைத்துத் துடைத்து வைத்ததால்தான் நான் ஈரத்தையே பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கூரை ஒழுகுகிறது என்று ஏணி கேட்டிருப்பேன்.

"அவர் உன்னைச் சந்தேகப்படுறது தெரியுமா?"

"தெரியும். நான் முன்னால செஞ்சது அப்படி. அதனால இப்போ செய்யாததையும் கேக்கத்தான் செய்வாவ." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்து மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னான். பிறகு தயக்கத்தோடு, "அந்த முடிச்ச இப்போ களட்டலாமா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு அவன் சைக்கிளில் எங்களுக்கு முன்னே புறப்பட்டான். ஸ்கூட்டரில் போகும்போது என் மூளை திடீரென்று மிகக் கூர்மையாக வேலை செய்தது. நாம் முதலில் போய்விடலாம். மூட்டையைச் சத்தமில்லாமல் எடுத்துப் பைக்குள் போட்டுவிடலாம். 'பவர் சப்ளையில் கசிவு, கிளைட்டன் மேல் தப்பில்லை' என்று சொன்னால் போதும். கிளைட்டனுக்கும் நன்மை, எனக்கும் மானம். அவன் காட்டிக்கொடுக்கிறவனும் இல்லை.

"சார், வேகமாப் போகவா, மெதுவாப் போகவா?" என்றாள் ஜெமிமா, திரும்பிப் பார்க்காமல். என் மனத்தில் ஓடுவதை அவள் முதுகால் படித்துவிட்டாள்.

எதிர்க்காற்றில் ஒரு நிமிடம் யோசித்தேன். எங்கள் ஊர் ஆதிநாதன் கோயில் துணியை வைத்து ஒரு தவறு செய்தாகிவிட்டது. அதே துணியை வைத்து இரண்டாவதும் செய்ய வேண்டாம் என்று பட்டது.

"மெதுவாகவே போ. அவன் முதலில் போய்ச் சேரட்டும்" என்றேன்.

விக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கிளைட்டன் வாசலிலேயே, தன் பைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். நான் நேரே போய் ஆணியிலிருந்து மூட்டையை எடுத்து விக்டர் கையில் வைத்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுக் கடைக் கிண்ணம், லாரி, ஆணி, கண் எரிச்சல், 'வாய்ப்பிருக்கிறது' என்ற வார்த்தை உட்பட. போன வாரம் அவன் சந்தேகத்துக்கு நான் தலையாட்டியதுதான் போர்டுக்கு வைத்த உப்பைவிட மோசம் என்றும் சொன்னேன்.

விக்டர் துணியைப் பிரித்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். மூட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"உப்பு" என்றான். "தூத்துக்குடியில. கார்த்திகை மாசத்துல. கம்ப்யூட்டருக்குள்ள."

"ஆமாம்."

"ஏலே, நீ காலேஜ்ல முதல் வகுப்புல்லா."

குசினியில் ஞானசௌந்தரி சிரித்துவிட்டாள். அழுகையும் கலந்த சிரிப்பு. விக்டர் சிரிக்கவில்லை. அவன் மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன், கல்லூரியிலேயே அப்படித்தான். வாசல் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"மாப்ள, அந்தப் பையைத் தூக்கி உள்ள வை. வழியில கெடக்கு. நாளைக்கு ஆளு வருவாவ."

கிளைட்டன் குனிந்து பையை எடுத்தான். அவ்வளவு நேரமும் அவன் தோள் எவ்வளவு உயர்ந்து இறுகியிருந்தது என்பது, அது தாழ்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜெமிமா தன் பையிலிருந்து நான்காவது போர்டை எடுத்தாள். நான் கெடுப்பேன் என்ற நம்பிக்கையில் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்திருந்தாளாம். கிளைட்டன் பலகைக்கு அடியைத் துடைத்துக் கொடுக்க, அவள் மாட்டினாள். வீரன் எழுந்து நின்றான். குச்சியை விக்டர் தொடவில்லை. கிளைட்டன் பக்கம் கண்ணைக் காட்டினான். கிளைட்டன் தள்ளியதும் வீரன் வலப்பக்கமாக ஓடினான். முதல் பள்ளத்திலேயே விழுந்தான், ஆனால் இந்த முறை நியாயமாக விழுந்தான்.

கடைக்குத் திரும்பியதும் ஜெமிமா வழக்குப் பதிவேட்டைத் திறந்து, குற்றவாளியின் பெயர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினாள். குற்றவாளி இப்போது எங்கே என்று கேட்டாள். நாளை மதியம் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார்கள், அவனுக்கென்று தனியாகச் சைவமும் வைக்கிறார்கள் என்றேன். தண்டனை கடுமையாக இல்லையே என்றாள்.

மறுநாள் ஜெர்லின் வெள்ளை உடையும் தலையில் பூமுடியுமாக, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலிலிருந்து வந்தாள். பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம். நான் ஓர் ஓரமாக நின்றேன். கிளைட்டன் என்னைத் தேடி வந்து, இரண்டு கையாலும் ஒன்றை நீட்டினான். என் மஞ்சள் துணி. உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி, மழையில் காயாததால் இஸ்திரிப் பெட்டி வைத்துக் காயவைத்து, நான்காக மடித்திருந்தான்.

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எரியவில்லை. ஆனாலும் கண் கொஞ்சம் கலங்கியது. ஜெமிமா பார்த்துக்கொண்டிருந்ததால், பெட்டிக்குள் தூசி என்று சொன்னேன்.